சென்னையிலிருந்து டர்பன் வரும் வழி

டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தைப்பூசத்துக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு வரப்போவதாக நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. நீங்கள் கேட்டிருந்த தூரக் கணக்குக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

சென்னை விமான நிலையத்துக்கும் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள கிங் ஷாகா விமான நிலையத்துக்கும் இடையே ஏறக்குறைய 7,075 கிலோமீட்டர் என்பது சரிதான். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று நீங்கள் போட்ட கணக்கிலும் தவறில்லை. ஆனால் அது பூமியின் வளைவை ஒட்டி இரண்டு ஊர்களுக்கும் நடுவே இழுத்த மிகக் குறுகிய கோட்டின் நீளம். அந்தக் கோட்டில் நேராகப் பறக்கும் பயணிகள் விமானம் கிடையாது. துபாய் வழியாக வந்தால், சென்னையிலிருந்து துபாய்க்குச் சுமார் 2,930, அங்கிருந்து டர்பனுக்கு 6,630 என மொத்தம் 9,560 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. தென்மேற்கே வர வேண்டியவர்கள் முதலில் வடமேற்கே போய்த் திரும்புவதால் வரும் வினை இது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: மொரிசியஸ் தீவு அந்த நேர்வழியை ஒட்டியே கிடக்கிறது, அதைத் தொட்டு வந்தால் 7,310 கிலோமீட்டர்தான். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மொரிசியஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய இரண்டு நாடுகளை இணைக்கும் அந்த வழியில் சென்னையிலிருந்து டர்பன்வரை காத்திருப்பு அதிகமில்லாத விமானத் தொடர்பு ஒன்று அமைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இப்போதைக்குத் துபாய் வழியையே வைத்துக்கொள்வோம். முதல் விமானத்தில் 4 மணி நேரம், அடுத்ததில் எட்டரை, நடுவில் மூன்றரை மணி நேரக் காத்திருப்பு என்றால் 16 மணி நேரம் ஆகும். எங்கள் கடிகாரம் உங்களுடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டால் இங்கே அன்று மாலை நாலரைக்கு இறங்குவீர்கள். பயணச்சீட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் அப்படியே கழித்துப் பார்த்துப் பன்னிரண்டரை மணி நேரம்தானே என்று அம்மாவின் மாத்திரைகளைத் திட்டமிட்டுவிடாதீர்கள்.

1860 அக்டோபர் 12 அன்று சென்னையில் புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்றுதான் டர்பனை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாக அதில் வந்தவர்களை நினைத்தால் 16 மணி நேரத்தைப் பெரிதாகப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வயதான அம்மாவுக்கு அது நீண்ட நேரம்தான். அதனால் ஒரு மணி நேரத்தில் மாற வேண்டிய விமானம் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். இரண்டு விமானங்களுக்கும் ஒரே பயணச்சீட்டாக வாங்கி, பெட்டிகள் டர்பன்வரை நேரே வந்து சேரும்படி சென்னையிலேயே சொல்லிவிடுங்கள்; சக்கர நாற்காலிக்கும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

சீட்டு எடுத்ததும் இறங்கும் தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். விமான நிலையத்துக்கு நானே வண்டியுடன் வந்துவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்