வீதிக்கு ஒதுக்கும் பணத்தில் சைக்கிளுக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. நாற்பது வருடமாகச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். சென்ற மாதம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தின் ஒரு பிரதான வீதியால் வந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தபடி உரசுவதுபோல் முந்தியது. நான் ஓரத்துக்கு எடுத்தேன். வீதியின் தார்க் காபெட் முடிந்து ஓரத்துக் கிரவல் தொடங்குகிற இடத்தில் நாலு விரல் பள்ளம். முன்சில்லு இறங்கியது, திரும்ப ஏறவில்லை. விழுந்துவிட்டேன். முழங்கை உரஞ்சியதோடு போயிற்று. பள்ளிச் சீருடையில் வந்த பிள்ளை ஒன்று சைக்கிளை நிறுத்தி, உருண்டுபோன கத்தரிக்காய்களைப் பொறுக்கித் தந்தது. "அன்ரி, போன கிழமை நானும் இதிலதான் விழுந்தனான்" என்றது.

அந்தப் பிள்ளை சொன்னதால்தான் இந்தக் கடிதம்.

இந்தப் பள்ளம் எப்படி வருகிறது என்பது ஒன்றும் மர்மமில்லை. பழைய காபெட்டின் மேலேயே புதிது போடுகிறார்கள், விளிம்பு உயர்ந்துகொண்டு போகிறது. ஓரத்து கிரவலை ஒவ்வொரு மாரியும் அரித்துக்கொண்டு போகிறது. காபெட் போடும்போதே ஓரத்தையும் அதே மட்டத்துக்கு நிரப்பி இறுக்கிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் அதற்கான செலவு மதிப்பீட்டில் இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு போய்க் கேட்டால் 'அதற்கு ஒதுக்கீடு இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் என்பது பொழுதுபோக்கு இல்லை. விடியற்காலையில் குருநகர், பாசையூர்ப் பக்கம் நின்று பாருங்கள், கரியரில் மீன் பெட்டி கட்டியவர்கள் உள்ளூர்களுக்குப் புறப்படுவார்கள். திருநெல்வேலிச் சந்தைக்குக் கீரைக்கட்டும் வாழைக்குலையும் சைக்கிளில் வருகின்றன. ஏழு மணிக்குப் பிறகு வெள்ளைச் சீருடைகள், பின்னேரம் ரியூசனுக்குப் போகிற அதே பிள்ளைகள். சேலை உடுத்த அறுபது வயதுப் பெண் சைக்கிள் உழக்கிப் போவதை எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் வேலைக்குப் போனதும், என் சம்பளம் என் கையில் இருந்ததும் அந்த இரண்டு சில்லின் தயவில்தான்.

தொண்ணூறுகளில், யுத்தத்தின்போது, வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் போத்தல் கணக்கில் விற்றது. பற்றரி கிடையாது. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தம்பி கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ உயிர் பெறும். அவன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு யுத்தத்தால் நாங்கள் வீட்டை விட்டுத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து போனபோது, மழையிலும் சன நெரிசலிலும் அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனோம். ஹாண்டிலில் இரண்டு பை, கரியரில் அம்மா. பிறகு 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அப்போது எத்தனை பேர் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தார்கள்! நெருக்கடி தீர்ந்ததும் அவர்களில் பலர் திரும்ப மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டிப்பரும் பஸ்ஸும் ஓடுகிற வீதியில் பிள்ளையைச் சைக்கிளில் விட யாருக்குத்தான் மனம் வரும்?

2025 வரவு செலவுத் திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. நல்ல விடயம், எங்களுக்கு வீதி வேண்டும். என் கேள்வி, இனி வருகிற இப்படியான ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் எவ்வளவு என்பதுதான். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் நிகழ்ச்சித்திட்டம் 2016 இலேயே, நாடுகள் போக்குவரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் நூற்றுக்கு 20 ஆவது நடைக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்றது. இங்கிலாந்தில் இதற்கென்றே 2022 இல் தனி அரச நிறுவனம் அமைத்தார்கள். உள்ளூராட்சி சபைகள் கொண்டுவரும் திட்டங்களின் தரத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பது அதன் வேலை. 20 இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 5 என்று எழுதித் தரட்டும். எழுத்தில் இருந்தால் நாங்கள் கணக்குக் கேட்கலாம்.

'எங்கள் வீதிகள் ஒடுக்கம், சைக்கிளுக்குத் தனிப் பாதை போட இடமெங்கே?' என்பார்கள். சரி, எல்லா இடத்திலும் தனிப் பாதை வேண்டாம். எங்களிடம் ஒழுங்கைகள், அதாவது சின்னச் சின்ன உள்வீதிகள், இருக்கின்றன. கந்தர்மடத்தில் இருந்து கோண்டாவில் வரைக்கும் பிரதான வீதியை அதிகம் தொடாமல் ஒழுங்கைக்குள்ளாலேயே போகலாம், சைக்கிள்காரருக்கு அது தெரியும். உடைந்த மதகைத் திருத்தி, வாய்க்காலுக்கு மூடி போட்டு, விளக்கும் போட்டுவிட்டால் இரவு ரியூசன் விட்டு வருகிற பெண்பிள்ளை பயமில்லாமல் வருவாள். ஒழுங்கை வந்து பெரிய வீதியில் ஏறுகிற இடங்களில் கடவைக் கோடும் வேகத்தடையும் வேண்டும். பஸ் ஏறுகிறவர் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போக நிழலோடு ஓர் இடமும் வேண்டும். இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கில் தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், பெரிய வீதி மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், அதற்கு அடுத்த தர வீதி மாகாணத் திணைக்களத்திடம், ஒழுங்கை மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ. சைக்கிள் ஓடுகிறவர் ஒரே பயணத்தில் மூன்றையும் கடக்கிறார். மாகாண சபையோ 2018 ஒக்டோபருக்குப் பிறகு கூடவேயில்லை. 2025 மே மாதம் தெரிவான உள்ளூராட்சி உறுப்பினர்களாவது இந்த மூன்று தரப்பையும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒரே மேசையில் இருத்தி, சைக்கிளுக்கான ஒதுக்கீட்டைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவரை செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பாடசாலைகளுக்கு முன்னால் உள்ள வீதி ஓரங்களையாவது, அடுத்த மாரி தொடங்க முன்னம், காபெட் மட்டத்துக்குக் கிரவல் போட்டு இறுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.