அதிசயம் அப்புறம், ஊர் முதலில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இளைஞர் இணைப்பிதழில் ஊர்களை வைத்து ஒரு நாட்டை வளர்த்து மற்ற நாடுகளோடு போட்டி போடும் சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் இதற்கெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்குவார்கள் என்று நினைத்ததே இல்லை, அதற்கு முதலில் நன்றி. ஆனால் புதிதாக ஆட வருபவர்களுக்குக் கட்டுரையாளர் சொன்ன யோசனை, தலைநகரை அமைத்த கையோடு ஓர் உலக அதிசயத்தை (ஆட்டத்தில் ஒரே ஒரு நாடுதான் கட்டக்கூடிய பெரிய கட்டடம்) கட்டத் தொடங்குங்கள் என்பது, எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. அப்படி ஆடி ஆடியே பல ராத்திரிகளைத் தொலைத்தவன் நான், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நான் பேசுவது 2016-இல் வந்த ஆறாம் பாகத்தைப் பற்றி. 2025-இல் வந்த ஏழாம் பாகத்தில் செட்லரை, அதாவது புது ஊர் வைக்கும் குடியேறியை, அனுப்பினால் முதலில் சிற்றூர்தான் உருவாகும், அப்புறம் தங்கம் கொடுத்து அதை நகரமாக்க வேண்டும், கணக்கே வேறு. அதை இங்கே இழுக்கவில்லை. கீழே வரும் எண்களெல்லாம் சாதாரண வேகத்துக்கானவை.

கணக்கைப் பாருங்கள். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற அதிசயத்தைக் கட்ட 180 உற்பத்திப் புள்ளி வேண்டும். தொடக்கத்தில் தலைநகர் ஒரு டர்னுக்கு, அதாவது நம் முறை ஒருதடவை வந்து போவதற்கு, ஐந்தோ ஆறோ தரும், ஆக முப்பது டர்னுக்கு மேல் அந்த ஊர் வேறு எதையும் செய்யாமல் கல் சுமந்துகொண்டே இருக்கும். அதே 180-இல் ஒரு செட்லர் (80), நிலத்தைப் பண்படுத்தும் ஒரு பில்டர் (50), கவண் எறியும் ஒரு ஸ்லிங்கர் (35) மூன்றும் முடிந்து கொஞ்சம் மிச்சமும் இருக்கும். நான் ஒருமுறை ஸ்டோன்ஹெஞ்ச் முடிய நாலே டர்ன் பாக்கி என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இன்னொரு நாடு அதைக் கட்டி முடித்துவிட்டதாகத் திரையில் செய்தி வந்தது. அன்று என் கையில் இருந்தது ஒரே ஊர். பக்கத்து நாட்டுக்காரனிடம் நாலு. அவனை அப்புறம் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை, எப்படி முடியும், நாலு ஊரும் தனித்தனியாக வளர்கிறது, தனித்தனியாக உற்பத்தி செய்கிறது, என் ஒற்றை ஊர் ஒன்றைச் செய்யும் நேரத்தில் அவன் நாலைச் செய்கிறான்.

20-ஆவது டர்னில் சும்மா போன ஐந்து டர்னும் 200-ஆவது டர்னில் சும்மா போன ஐந்து டர்னும் ஒன்றல்ல. தொடக்கத்தில் வைத்த ஊர் ஆட்டம் முழுக்கச் சம்பாதித்துக் கொடுக்கும். போதாததற்கு ஒவ்வொரு செட்லருக்கும் முந்தையதைவிட விலை கூடிக்கொண்டே போகும், தள்ளிப் போடப் போட நல்ல இடங்களும் பறிபோகும். மிகக் கடினமான நிலையில் கணினி ஆடும் நாடு ஒவ்வொன்றும் மூன்று செட்லரோடு ஆட்டத்தைத் தொடங்குகிறது, நமக்கு ஒன்றுதான். அங்கே போய் அதிசயம் கட்ட உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்படியென்றால் என்ன செய்வது? நான் பெரும்பாலும் முதலில் வேவு பார்க்கும் ஒரு ஸ்கவுட், அப்புறம் ஸ்லிங்கர், அதற்குப் பின் செட்லர் என்று போவேன். செட்லர் எடுக்க ஊரில் இரண்டு பேராவது இருக்க வேண்டும், எடுத்ததும் மக்கள்தொகையில் ஒன்று குறையும், அதனால் ஊர் வளரும் நேரமும் செட்லர் முடியும் நேரமும் ஒத்து வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்கவுட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஒரே ஊரைக் கொண்ட சிறு நாடான நகர அரசை முதலில் சந்திப்பவருக்கு அங்கே ஒரு தூதர் இலவசம், பழங்குடி கிராமங்களில் கிடைக்கும் பரிசும் முதலில் போனவருக்குத்தான். அதெல்லாம் முப்பது டர்னுக்குள் காலியாகிவிடும்.

ஊர் வைக்கும் இடத்தில் எல்லோரும் சறுக்குவது தண்ணீரில். ஆற்றோரம் வைத்தால் தொடக்கத்திலேயே 5 பேர் குடியிருக்க இடம் உண்டு, கடற்கரை என்றால் 3, இரண்டும் இல்லையென்றால் வெறும் 2. மக்கள்தொகை அந்த எண்ணை நெருங்கும்போதே வளர்ச்சி பாதியாகிவிடும். ஆற்றோரத்தில் சமவெளிக் குன்று கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், ஊரின் நடுக்கட்டமே 2 உணவு, 2 உற்பத்தி தரும். அப்படி ஓர் இடத்துக்காக முதல் செட்லரை ஒரு டர்ன் நடத்திக்கொண்டு போனால் தப்பில்லை. ஐந்து டர்ன் அலைய விட்டால்தான் வம்பு. ஆனால் ஒன்று, 2018-இல் வந்த விரிவாக்கத்துக்குப் பிறகு விசுவாசம் என்று ஒரு கணக்கு சேர்ந்திருக்கிறது, அடுத்தவன் ஊர்களுக்கு நடுவே ஆசைப்பட்டுப் போய் வைத்த ஊர் கொஞ்ச நாளில் நம்மைவிட்டுப் போய்விடும். எனக்கு இரண்டு முறை போயிருக்கிறது.

கட்டுரையில் எந்த நாட்டையும் சேராத கொள்ளையர்களான பார்பேரியன்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். புதியவர்கள் பாதிப் பேர் ஆட்டத்தை மூடிவிட்டுப் போவதே அவர்களால்தான் என்று நினைக்கிறேன். எட்டாவது, பத்தாவது டர்ன் வாக்கில் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்கவுட் உங்கள் எல்லைக்கு வந்து எட்டிப் பார்க்கும். ஊரைப் பார்த்துவிட்டால் அதன் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி வரும். அது தன் முகாமுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து ஒரு கூட்டமே கிளம்பி வரும், அப்புறம் செட்லராவது பில்டராவது. வாரியர் என்ற தரைப்படை வீரனை வைத்துத் துரத்திப் பயனில்லை, அந்த ஸ்கவுட்டுக்கு ஒரு டர்னில் மூன்று நகர்வு, வாரியருக்கு இரண்டுதான், வெட்டவெளியில் எந்தக் காலத்திலும் பிடிக்க முடியாது. முகாம் எந்தத் திசையில் இருக்கும் என்று ஊகித்து, காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே அது திரும்பும் வழியில் போய் நிற்க வேண்டும், பக்கத்தில் ஸ்லிங்கரையும் நிறுத்தி, கடைசி அடியை ஸ்லிங்கர் கையால் கொடுக்க வேண்டும். அதில் இன்னொரு லாபம் இருக்கிறது: ஸ்லிங்கரால் ஒரு எதிரியைக் கொன்றால் வில்வித்தை ஆராய்ச்சியில் பெரிய பங்கு சும்மா கிடைத்துவிடும், சீக்கிரமே அந்த ஸ்லிங்கரை வில்லாளியான ஆர்ச்சராக உயர்த்திவிடலாம், அதன் பிறகு தொல்லை பாதி குறைந்துவிடும்.

இந்த மாதிரிச் சலுகைகள் கிட்டத்தட்ட எல்லா ஆராய்ச்சிக்கும் உண்டு, திரையில் ஆராய்ச்சியின் பெயருக்குக் கீழேயே எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. முதல் பில்டருக்கு மூன்று வேலைகள்தான், அந்த மூன்றையும் இதைப் படித்துவிட்டுச் செலவழித்தால் கல்குவாரி ஒன்று, சுரங்கம் ஒன்று என்று ஒரே அடியில் இரண்டு மாங்காய். நாட்டின் மொத்த மக்கள்தொகை ஆறைத் தொட்டால் தொடக்கப் பேரரசு என்ற பண்பாட்டுப் படிக்குச் சலுகை. அந்தப் படியில் கிடைக்கும் குடியேற்றம் என்ற கொள்கை அட்டை செட்லர் உற்பத்தியை 50 சதவீதம் கூட்டும். அந்த அட்டை வந்ததும் எல்லா ஊரிலும் செட்லர் போடுங்கள், கூச்சமே வேண்டாம்.

தங்கத்தைச் சேர்த்து வைத்து அழகு பார்ப்பதும் வேண்டாம். 320 தங்கத்துக்கு முதல் செட்லரை விலைக்கே வாங்கலாம். ஊர்கள் சின்னதாக இருக்கும்போது கையில் உள்ள ஆடம்பரப் பொருளைக் கணினி நாட்டுக்கு விற்றால் நல்ல காசு வரும், வாங்குகிறாயா என்று கேட்டுப் பார்க்க ஒரு டர்ன்கூடச் செலவில்லை.

விதிவிலக்கு உண்டு, மறுக்கவில்லை. சின் ஷி ஹுவாங் என்ற தலைவரை எடுத்துச் சீனாவாக ஆடுபவர், பில்டர்களைச் செலவழித்துப் பழங்கால அதிசயங்களை வேகப்படுத்த முடியும், அவர் இந்தக் கடிதத்தைப் படித்துச் சிரிக்கலாம். மதத்தை வைத்தே ஜெயிக்கப் போகிறேன் என்பவருக்கும் ஸ்டோன்ஹெஞ்ச் மதத்தைத் தொடங்கத் தேவையான ஒரு தீர்க்கதரிசியைத் தருவதால் ஆசை வருவது நியாயம்தான். அவர்களுக்கும் நான் சொல்வது, இரண்டாவது ஊரை வைத்துவிட்டு ஆசைப்படுங்கள்.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எழுதும்போது தன் ஆட்டத்தின் 50-ஆவது டர்ன் வரைபடத்தை ஒரு படமாகப் போடச் சொல்லுங்கள். அதிசயம் இருக்கட்டும், அதில் எத்தனை ஊர் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னொரு டர்ன், இன்னொரு டர்ன் என்று விடியவைத்த ஒரு வாசகன்