மிக்-21 செய்யும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ செய்துகொண்டிருக்கும் மிக்-21 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியை, நீ அனுப்பிய படங்களில் பார்த்தேன். இறக்கையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் இன்னும் ஒட்டாமல் வைத்திருக்கிறாய். நல்ல வேளை. ஒட்டியிருந்தால் நான் சொல்லப்போவதில் பாதியைச் செய்ய முடியாமல் போயிருக்கும். “அண்ணா, இதில் இன்னும் என்னென்ன நுணுக்கம் சேர்க்கலாம்?” என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியை இராணிப்பேட்டையிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வேறு பிள்ளைகளும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் பதிலை உன் பெயருக்கே, ஆனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்த விமானம் யாருக்காக என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு உன் தாத்தா அன்று முழுவதும் பேசாமல் இருந்தார் என்று எழுதியிருந்தாய். 1963-இல் நம் விமானப்படையில் சேர்ந்த விமானம் அது. வேலூர் அருகே உங்கள் கம்மவான்பேட்டையில் படையில் சேர்ந்தவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த விமானத்தின் வயிற்றுக்கடியில் படுத்து வேலை பார்த்தவர் உன் வீட்டில் இருக்கிறார். அவர் இதைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது பெட்டியில் இருந்த பாகங்கள் எல்லாம் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கமாட்டார். தன் கை பட்ட இடங்களைத் தேடுவார்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: சேர்ப்பதற்கு முன் குறை. 72-இல் ஒரு பங்கு அளவில் ஒரு விமானத்தைப் பொம்மையாகக் காட்டிவிடுவது பெரும்பாலும் இல்லாத பாகம் அல்ல. இருக்கிற பாகத்தின் தடிமன். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்குக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே மெலிதாக அது ஓடாது. உன் பெட்டியில் உள்ள இறக்கையின் பின்விளிம்பு அரை மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள். 72-ஆல் பெருக்கிப் பார், 36 மில்லிமீட்டர். உண்மையான விமானத்தில் அந்த இடம் தகடு போல மெலிந்து முடியும். அந்த விளிம்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே எத்தனை குழாய் வைத்தாலும், முதல் பார்வையிலேயே அது பொம்மை என்று தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். மாதிரியை நாம் கண்ணிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்ப்போம். அதை 72-ஆல் பெருக்கினால் 21 மீட்டருக்குச் சற்று மேல். அதாவது ஓடுதளத்தின் ஓரத்தில், உண்மையான விமானத்திலிருந்து 21 மீட்டர் தள்ளி நீ நிற்கிறாய். அங்கிருந்து உடல் தகடுகளைப் பிணைக்கும் ஆணித்தலைகள் தெரியுமா? தெரியாது. மூக்கிலிருந்து நீளும் குழாய் தெரியும். காற்று நுழையும் வாயின் கூர்மை தெரியும். திறந்த மூடியின் ஓரம், இருக்கையில் தொங்கும் வார், சிவப்பு உறைகள், சக்கரத்துக்குக் கொடுத்த முட்டுக்கட்டை எல்லாம் தெரியும். எதைச் செய்வது, எதை விடுவது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் இந்த 21 மீட்டரில் போய் நின்று பார். ஆணி ஆணியாகக் குத்தும் சின்னச் சக்கரக் கருவியை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஐந்து மில்லிமீட்டர் ஆணித்தலை இந்த அளவில் 0.07 மில்லிமீட்டர். நீ குத்தும் புள்ளி எதுவும் அவ்வளவு சிறிதாக வராது. விமானத்துக்கு அம்மை போட்டது போலாகிவிடும்.

வேலையை மூக்கில் தொடங்கு. மிக்-21-இன் முகமே அந்த வட்ட வாய்தான். ஒலியை மிஞ்சும் வேகத்தில் வரும் காற்றை உள்ளே வாங்க வேண்டியிருப்பதால் அதன் உதடு கூர்மையாக இருக்கும். மழுங்கியிருந்தால் அதிர்ச்சி அலை உதட்டை விட்டு விலகி முன்னால் நின்று இழுவையைக் கூட்டும். உன் பெட்டியிலோ அது குழந்தை பால் புட்டியின் வளையம் போலத் தடித்திருக்கிறது. உள்பக்கத்தை மட்டும் தேய். வெளிப்பக்கத்தில் கை வைத்தால் விட்டம் குறைந்துவிடும். 400 எண் உப்புத்தாளை ஒரு பென்சிலில் சுற்றி, உள்ளே விட்டு, கையை ஒரே சீராகத் திருப்பு. பிறகு 800, அதன் பிறகு 1200, கடைசி இரண்டையும் தண்ணீரில் நனைத்துத் தேய். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் பிளாஸ்டிக் லேசாக ஒளி ஊடுருவித் தெரியும். அங்கே நிறுத்திக்கொள்.

இறக்கைகளையும் இப்படித்தான், உள்பக்கத்திலிருந்து. ஒட்டாமல் வைத்திருப்பது நல்ல வேளை என்று சொன்னது இதற்காகத்தான். கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்து, பாதி இறக்கையை உள்பக்கம் கீழாக வைத்து, பின்விளிம்பில் மட்டும் விரலால் அழுத்தி வட்டமாகத் தேய். தகடுகள் சேரும் இடத்தைக் காட்ட மேல்பக்கத்தில் போட்டிருக்கும் கோடுகளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இறக்கை பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு மாலை போதும்.

வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு ஒருமுறை இந்தக் கண்ணோடு போய் வா. பாய்ந்து நிற்கும் குதிரைகளையும் யாளிகளையும் தூணோடு ஒட்டிப் பார்க்காமல், பக்கவாட்டில் நின்று பார். கல்லுக்கும் காலுக்கும் நடுவே வெளிச்சம் வரும் இடங்களைத் தேடு. அந்தச் சிற்பி எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை. பின்னாலிருந்த கல்லை எடுத்தார், முன்னால் இருந்ததற்கு உயிர் வந்தது. நம் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கலைக்கு வேறு பள்ளிக்கூடம் தேட வேண்டியதில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

இனிமேல் சேர்ப்பதைப் பற்றிப் பேசலாம்.

முதலில் வேகம் அளக்கும் குழாய். விமானம் கலைக்காத காற்றில் அழுத்தத்தை அளக்க வேண்டும் என்பதால் அது மூக்குக்கு முன்னால் அவ்வளவு நீண்டு நிற்கிறது. 1971 போரில் பறந்த மிக்-21 எஃப்.எல். என்ற வகையில் அது மூக்கின் உச்சியில் நடுக்கோட்டில் இருக்கும். பின்னால் வந்த மிக்-21 பிஸ் என்ற வகையில் விமானியின் வலப்பக்கமாகச் சற்று ஒதுங்கியிருக்கும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் குழாய் தடியாகவும் இருக்கும், சட்டை நுனி பட்டால் ஒடியவும் செய்யும். அதை வெட்டி எறி. சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே வரிசையாக இருக்கும் மருந்துக் கடைகளில் ஊசி கேள். கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலியும். 23 கேஜ் ஒன்று, அதன் அடிப்பகுதி நீலமாக இருக்கும். 30 கேஜ் ஒன்று, அது மஞ்சள். முதலாவதின் வெளிவிட்டம் 0.64 மில்லிமீட்டர், உள்துளை 0.34 அளவில். இரண்டாவதின் வெளிவிட்டம் 0.31. மெல்லியது தடித்ததற்குள் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். படிப்படியாக மெலியும் எஃகுக் குழாய் தயார், நுனியில் உண்மையான துளையோடு!

ஊசியைக் குறட்டால் வெட்டாதே, வாய் நசுங்கிவிடும். மரப்பலகையில் வைத்து, முக்கோண அரத்தின் விளிம்பால் உருட்டி உருட்டி ஒரு வளையக் கீறல் போடு. பிறகு இரண்டு பக்கமும் சாமணத்தால் பிடித்து மெல்ல அசைத்தால் சுத்தமாக விட்டுவரும். சாமணமும் பொடி அரமும் நகைத்தொழில் கருவிகள் விற்கும் கடையில் வாங்கு. பொற்கொல்லர்கள் பயன்படுத்துவதைவிட நல்ல சாமணம் இந்த வேலைக்குக் கிடையாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். வெட்டிய கூர்நுனியை மூடியுள்ள டப்பாவில் போடு; வீட்டில் உன் தங்கை தவழ்கிறாள்.

அடுத்தது விமானி அறை. இதில்தான் நான் உன்னை நிறைய நேரம் செலவிடச் சொல்வேன். மிக்-21-இன் உள்ளே ஒருவிதப் பச்சை கலந்த நீலம் பூசியிருப்பார்கள். சாம்பல் அடித்துவிட்டால் அது வேறு விமானமாகிவிடும். கருவிப் பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. விமானம் சுழன்று விழத் தொடங்கினால், கட்டுப்பாட்டுக் கம்பியை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி மீட்க வேண்டும். தலை சுற்றும் நேரத்தில் நடு எது என்று கண்ணுக்குக் காட்டுவதற்காகப் போட்ட கோடு அது. உயிர் காக்கும் கோடு, தம்பி. இருக்கிற எல்லா முட்களையும் எண்களையும் விட்டுவிட்டாலும் இதை விடாதே.

அதைத் தூரிகையால் வரைய முயலாதே. பாகங்களை உடைத்து எடுத்த பிறகு மிஞ்சும் சட்டம் இருக்கிறதே, அதில் ஒரு விரல் நீளத் துண்டை எடுத்துக்கொள். மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே, சுடர் தொடாமல், திருப்பிக்கொண்டே பிடி. நடுவில் பளபளப்பு ஏறி, துண்டு தன் எடையிலேயே தொய்யத் தொடங்கும். உடனே சுடரிலிருந்து விலக்கி, ஒரு மூச்சு நேரம் பொறுத்து, இரண்டு கைகளையும் நிதானமாக விரி. வேகமாக இழுத்தால் தலைமுடி, மெதுவாக இழுத்தால் தையல்நூல். பிளாஸ்டிக் எந்த நிறமோ இழையும் அந்த நிறம்தான். வெள்ளைச் சட்டம் கிடைத்தால் வண்ணமே வேண்டாம். தேவையான நீளத்துக்கு வெட்டிப் பலகையில் வைத்து, ஒட்டும் திரவத்தைத் தூரிகை நுனியால் தொட்டால் போதும், அதுவே ஓடிப் பிடித்துக்கொள்ளும். சன்னலையும் மின்விசிறியையும் கவனி. காற்றடித்தால் சுடரும் ஆடும், இழையும் போய்விடும். ஆனால் அந்த ஒட்டும் திரவத்தை மூடி வைத்துவிட்டே மெழுகுவர்த்தியை ஏற்று, அதன் ஆவி தீப்பிடிக்கும்.

இருக்கை வாருக்குக் காகிதம் ஆகாது. சாதாரணக் காகிதம் 0.1 மில்லிமீட்டர், இந்த அளவில் ஏழு மில்லிமீட்டர் தடித்த பட்டை. சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை நகத்தால் தடவிச் சமமாக்கி, 0.6 மில்லிமீட்டர் அகலத்தில் புது பிளேடால் கீறி எடு. இருக்கையின் விளிம்பில் மடித்து விடு, ஒன்று உள்ளே விழுந்தும் ஒன்று வெளியே தொங்கியும் இருக்கட்டும். யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல இருக்கும்.

சக்கரக்குழிகளில் உன் விருப்பம். மோட்டார் காயில் கட்டும் கடையில் தலைமுடி போன்ற செம்புக் கம்பியின் துண்டுகள் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இரண்டு மூன்று குழாய்கள் போதும், மாதிரியைக் கவிழ்த்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? உன் தாத்தா கவிழ்த்துப் பார்ப்பார். ஆகையால் சக்கரத் தண்டில் பிரேக் குழாயை மட்டும் விட்டுவிடாதே. காற்று நுழையும் வாயின் நடுவிலுள்ள மூக்குக்கூம்புக்குள் தூண்டில் ஈயக் குண்டுகளை அடைத்த பிறகு உடலை மூடு, இல்லாவிட்டால் விமானம் வால் குத்தி உட்கார்ந்துவிடும்.

நுண்ணிய பாகங்களை ரசாயனத்தால் அரித்து வடித்து வெளிநாட்டிலிருந்து வரும் பித்தளைத் தகடுகள் வாங்க அப்பாவிடம் பணம் கேட்டிருப்பதாகச் சொன்னாய். செக் நாட்டின் எடுவார்ட் நிறுவனத்தின் தகடுகள் அருமையானவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவை தட்டை. வார், ஓரத்தட்டு, கண்ணாடிச் சட்டம் போன்ற தட்டையான பொருளுக்கு அவை பொருந்தும். உருண்டையான கைப்பிடிக்கும் குழாய்க்கும் பொருந்தாது. முதல் விமானத்தைத் தகடில்லாமல் செய். கை பழகிய பிறகு வாங்கினால் அதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று உனக்கே தெரியும்.

வண்ணம் பூசுவதற்கு நம் ஊர் வெயிலைத்தான் யோசிக்க வேண்டும். சித்திரை வைகாசியில் தண்ணீர் கலக்கும் வண்ணம் தூரிகை நுனியிலேயே காய்ந்து, பூசிய இடத்தில் மணல் மணலாக நிற்கும். விடியற்காலையில் பூசு, காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தை ஒரு சொட்டு சேர், ஒரே இடத்தில் இரண்டாவது இழுப்பு வேண்டாம். காய வைக்கிறேன் என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோகாதே. நீ பாடுபட்டு மெலிதாக்கிய பின்விளிம்புதான் முதலில் வளையும். தகட்டுக் கோடுகளில் கறுப்பு ஊற்றாதே, உடல் வண்ணத்தைவிட ஓரிரு படி கருத்த சாம்பல் போதும். கோடு தெரிய வேண்டும், கூப்பிடக் கூடாது.

கண்ணாடி மூடியை உடனடிப் பசையால் ஒட்டவே ஒட்டாதே. அதன் ஆவி பட்டால் உள்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்துவிடும், துடைக்கவும் முடியாது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும். பிஸ் வகையில் மூடி வலப்பக்கமாகத் திறக்கும், ஆகவே ஏணி இடப்பக்கம். திறந்தே வை. அந்த வெள்ளைக் கோடும் வாரும் வெளியே தெரிய வேண்டாமா?

ஒரு விஷயத்தை மட்டும் நான் முடிவு செய்ய முடியாது. தாத்தா வேலை பார்த்த காலத்தில் அவர் கையிலிருந்தது பழைய பிஸ் வகையா, அதை மேம்படுத்திய பைசன் வகையா என்று கேள். பைசன் என்றால் முன்கண்ணாடி சட்டமில்லாத ஒரே வளைவு. பழையது என்றால் நடுக்கண்ணாடியும் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் சட்டத்தோடு இருக்கும். உன் பெட்டியில் இருப்பது சட்டம் போட்டது. பைசன் என்று சொன்னால் வேறு கண்ணாடி தேட வேண்டும், அதற்குள் மூக்குப் பக்கத்தை ஒட்டிவிடாதே. அவருக்கு நினைவிருக்கும் ஒரு விமானத்தின் எண்ணையும் கேட்டு வாங்கு. வாலில் அந்த எண்தான் வர வேண்டும், பெட்டியில் அச்சடித்து வந்த எண் அல்ல. இலக்கங்களைத் தனித்தனியாக வெட்டி ஒட்டுவதற்கு என்னிடம் கறுப்பு எண் ஒட்டிகள் மீதம் இருக்கின்றன. அடுத்த வாரம் சாத்துவாச்சாரி பக்கம் வரும்போது கொண்டுவருகிறேன். அதற்குள் இரண்டு இறக்கைகளையும் தேய்த்து வை.

அன்புடன்,
உன் அண்ணன்,
வேலூர்