இருபது ரூபாக் குற்றி எங்கே? நாணயப் பட்டியல் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு உங்கள் இணையப் பட்டியலை அநேகமாக நாள்தோறும் புரட்டுபவன் நான். கையில் அகப்பட்ட நாணயக் குற்றி எந்த நாட்டினது, எந்தக் காலத்தது என்று இனங்காண எனக்கு அதுதான் துணை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன கிழமை பக்கத்து வீட்டுப் பையன் ஒரு 20 ரூபாக் குற்றியோடு வந்தான். கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டாராம். பட்டியலைத் திறந்து பார் என்றேன். இலங்கை, ரூபா என்று போனான். 1, 2, 5, 10 வரை இருந்தது, அதற்கு மேல் எதுவும் இல்லை. கள்ளக் காசு என்றே முடிவு கட்டிவிட்டான். கடைசியில், பக்கத்தின் அடியில் "நினைவு நாணயங்கள்" என்று நீங்கள் குவித்து வைத்திருக்கும் இடத்தில், 1998 சுதந்திரப் பொன்விழாவின் 5000 ரூபாத் தங்கக் காசுக்குச் சற்றுத் தள்ளி அதைக் கண்டெடுத்தோம். மத்திய வங்கியின் 70ஆம் ஆண்டு நிறைவுக்காக 2020ஆம் ஆண்டு பொறித்து வெளிவந்த குற்றி அது. தாராளமாகச் செல்லும்.

பையனின் தடுமாற்றத்துக்குக் காரணம் உங்கள் வகைப்பாடு. நினைவு நாணயம் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அலங்காரப் பொருள், புழங்கும் காசு வேறு என்ற எண்ணத்தில் அதை வகுத்திருக்கிறீர்கள். வேறு நாடுகளுக்கு அது பொருந்தலாம். எங்கள் நாட்டின் கதை தலைகீழானது. இங்கே ஒரு ரூபாக் குற்றி முதன்முதலில் வந்ததே 1957இல், புத்த ஜயந்தியின் 2500ஆம் ஆண்டு நினைவாக. வழமையான ஒரு ரூபா 1963இல்தான் வந்தது. அதே 1957இல் அதே நினைவாக வெள்ளியில் ஐந்து ரூபா. வழமையான ஐந்து ரூபாக் குற்றிக்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு ரூபாவும் அப்படித்தான்: முதலாவது 1968இல் உலக உணவு விவசாய நிறுவனத்துக்காக, வழமையானது 1984இல். பத்து ரூபாவுக்கு 1987இன் சர்வதேச உறைவிட ஆண்டு, வழமையானது 2009இல். இருபது ரூபாவிலோ இன்றுவரை நினைவுக் குற்றிகளே உண்டு. மூத்த பிள்ளைகளைப் பின்கட்டில் இருத்திவிட்டு இளையவர்களை மட்டும் முன்விறாந்தையில் வரிசையாக நிறுத்தி எடுத்த குடும்பப் படம் போல இருக்கிறது உங்கள் இலங்கைப் பக்கம்.

ஆகவே நினைவு நாணயங்களை அந்தந்த நாணயமுறைக் (ரூபா, பவுண் போன்ற பணக் கணக்கு) காலத்துக்குள், அந்தந்தப் பெறுமதியின் பக்கத்திலேயே வையுங்கள். 2013இல் 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக வந்த பத்து ரூபாக் குற்றிகள் பஸ்ஸில் மிச்சக் காசாகக் கைமாறியவை. அவை 2009இன் பத்து ரூபாவுக்கு அடுத்து வரவேண்டியவை.

காலத்தை எதைக்கொண்டு பிரிப்பது என்பதிலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. "சிலோன் ரூபா", "இலங்கை ரூபா" என்று இரண்டு நாணயமுறைகள் இருந்தது போல 1972இல் கோடு கிழித்திருக்கிறீர்கள். 1972 மே 22இல் மாறியது நாட்டின் பெயர். நூறு சதம் ஒரு ரூபா என்ற கணக்கு 1872 ஜனவரியில் தொடங்கியது, அன்று தொட்டு இன்றுவரை அறுபடவில்லை. (1970இல் 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதாக்கியபோது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பட்ட அவதியைக் கேட்டிருக்கிறேன். அப்போதும் மாறியது தாள், கணக்கு மாறவில்லை.) 1968இன் இரண்டு ரூபாவும் 1976 அணிசேரா நாடுகள் மாநாட்டின் இரண்டு ரூபாவும் ஒரே நாணயமுறையின் பிள்ளைகள். பெயர் மாற்றத்தை ஓர் உபதலைப்பாகக் காட்டினால் போதும். உண்மையான பிரிவுகள் அதற்கு முந்தியவை: முதலில் றிக்ஸ்டொலர் என்ற பழைய பண அலகு, பிறகு பவுண், பிறகு ரூபா.

இதைக் கணினியிடம் விட்டு ஆண்டைப் பார்த்துப் பிரிக்கவும் சொல்லாதீர்கள். விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த முதல் செப்புச் சதங்களில் 1870 என்றுதான் இருக்கிறது. ஆண்டை நம்பினால் அவை பவுண் காலத்துக்குள் போய் விழும்.

புலம்பெயர்ந்த உறவினர் உள்ள எந்த வீட்டிலும் பிஸ்கற் பேணி ஒன்றில் வெளிநாட்டுக் காசு கிடக்கும். லண்டனிலிருந்து வந்த பெறாமகன் எனக்குத் தந்தவற்றில் இரண்டு பெரிய குற்றிகள்: ஒன்று 1965இன் சேர்ச்சில், மற்றது 1977இன் மகாராணி வெள்ளிவிழா. ஒரே பருமன், இரண்டிலும் பெறுமதி பொறிக்கப்படவில்லை. முன்னது ஐந்து சிலிங், பின்னது 25 பென்ஸ். இடையில், ஒரு பவுணுக்கு 100 பென்ஸ் என்று பிரித்தானியா கணக்கை மாற்றிய 1971 பெப்ரவரி 15 இருக்கிறது. உங்கள் குவியலில் இரண்டும் "25 பென்ஸ்" என்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஐந்து சிலிங் என்பது கால் பவுண், ஆகவே பெறுமதி பிழையில்லை என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் 1965இல் ஒரு பவுணுக்கு 240 பென்ஸ். அன்றைய கணக்கில் கால் பவுண் 60 பென்ஸ்.

ஜேர்மனியில் இந்தக் குழப்பம் பணத்திலேயே கைவைக்கும். யூரோவுக்கு முந்திய பணமான மார்க்கில் வந்த 2001இன் பத்து மார்க் நினைவு நாணயமும் 2002இன் பத்து யூரோவும் ஒரே 32.5 மில்லிமீற்றர் விட்டம், ஒரே தர வெள்ளி. மார்க்கை அந்நாட்டு மத்திய வங்கி இன்றும் மாற்றித் தருகிறது, ஆனால் ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற வீதத்தில். அலகைக் குறிக்காமல் "10" என்று மட்டும் போட்டால், பேணியைத் திறந்த ஒருவர் தன்னிடம் இருப்பதை இரட்டிப்பாக எண்ணிக்கொள்வார்.

துடுப்பாட்டம், சமயம், விலங்குகள் என்று பொருள் பார்த்துச் சேர்ப்பவர்கள் இந்த மாற்றத்தை விரும்பமாட்டார்கள் என்று தெரியும். 1999இன் உலகக் கிண்ண ஐந்து ரூபாவைத் தேடி நானும் ஒரு காலம் அலைந்திருக்கிறேன். அவர்களுக்கு ஒவ்வொரு பதிவிலும் "நினைவு" என்ற குறிச்சொல்லும் நிகழ்வின் பெயரும் இருந்தால் ஒரே சொடுக்கில் எல்லாம் திரண்டுவிடும்.

இலங்கைப் பக்கத்தை இப்படி அடுக்கித் தர நான் தயார். என்னிடம் உள்ள குற்றிகளின் இருபுறப் படங்களையும் எடை, விட்டம் ஆகியவற்றையும் அனுப்புகிறேன். மற்றவை ஆறுதலாக நடக்கட்டும். அந்த இருபது ரூபாவை மட்டும் இந்தக் கிழமையே மேலே ஏற்றிவிடுங்கள். கடைக்காரரிடம் காட்ட வேண்டும் என்று பையன் காத்திருக்கிறான்.

இவ்வண்ணம்,
யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் வாசகன்