பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த அண்ணனுக்கு

கட்டுப் பிரித்தாயிற்று. கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். வீட்டில் பிரஷர் குக்கர் வெடித்தது எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுத எங்களுக்குத் தெம்பில்லை.

ராத்திரியில் வண்டி எடுத்து ஓடியவர்கள், வார்டில் மாற்றி மாற்றி உட்கார்ந்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், காப்பீட்டு ஃபாரங்களோடு கவுன்ட்டரில் மல்லுக்கட்டியவர்கள் எல்லோருக்கும் நன்றி. பேர் பேராகச் சொன்னால் யாராவது விட்டுப்போகும், அதனால் மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். மீதி மடல் குக்கர் ரிப்பேர் பார்க்கும் அண்ணனுக்கு.

அண்ணா, வெடித்த குக்கரை உங்களிடம் கொண்டுவந்ததே ஏன் வெடித்தது என்று கேட்கத்தான். பிரித்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பீர்கள். நீங்களோ ஸ்பேனரையே எடுக்கவில்லை. “நான் கை வெச்சா, நான்தான் கெடுத்தேன்னு கம்பெனிக்காரன் சொல்லிடுவான். அப்படியே வைங்க” என்றீர்கள். மூடியைக் கவிழ்க்காமல், தட்டாமல், வந்த நிலையிலேயே அட்டைப் பெட்டிக்குள் இறக்கினீர்கள். காஸ்கெட் தனி உறையில், வெயிட் தனி உறையில். பிளாஸ்டிக் கவரில் ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும் என்று காகித உறைதான் வேண்டுமென்றீர்கள். டேப் ஒட்டி, பாதி டேப்பிலும் பாதி அட்டையிலும் விழுகிற மாதிரி எங்களைக் கையெழுத்தும் தேதியும் போடச் சொன்னீர்கள். காசு வாங்கவில்லை.

குக்கர் வெடித்ததற்கு உற்பத்தியாளர் மேல் போடும் இந்த மாதிரி வழக்கில் பாதி சாட்சி மூடிக்குள்தான் இருக்கிறது. ஆவி வெளியேறும் வென்ட் குழாயில் நுரை காய்ந்து அடைத்திருந்தால், சுத்தம் செய்யாதது உங்கள் தப்பு என்பார் உற்பத்தியாளர். வென்ட் அடைத்துக்கொள்ளும் என்பது தெரிந்துதானே சேஃப்டி வால்வு வைக்கிறார்கள்? அடைப்பு இருந்தும், சூடு ஏறினால் உருகி ஆவிக்கு வழிவிட வேண்டிய வால்வின் உலோகம் உருகாமல் முழுசாக இருந்தால், கேள்வி வால்வின் மேல் திரும்பும். வென்ட் திறந்தே இருந்து, மூடியைப் பிடிக்கும் நாக்குகள் வளைந்திருந்தால் பூட்டு ஏன் விட்டது என்று பார்க்க வேண்டும். வால்வு கம்பெனியுடையதா, பிறகு மாற்றியதா? காஸ்கெட் அந்த மாடலுக்கு உரியதுதானா? போலி உதிரிபாகம் என்று தெரிந்தால் அதை விற்றவரையும் வழக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு தரம் கழுவினால் நுரை போச்சு. ஒரு தரம் திருகினால் மரையில் புதுக் கீறல் விழும், எது பழசு எது புதுசு என்று பிரித்துச் சொல்ல ஆய்வகமே திணறும்.

வக்கீல் ஒரு பழைய வழக்கைக் காட்டினார். 1944-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்த்த எஸ்கோலா வழக்கு. உணவகப் பணிப்பெண் ஒருவரின் கையில் குளிர்பானப் புட்டி வெடித்தது. சில்லுகளை உணவக ஊழியர் ஒருவர் தூக்கி எறிந்துவிட்டார். புட்டி எங்கே உடைந்தது என்பதை அந்தப் பெண் வாயால் சொல்லவும் படம் வரைந்து காட்டவும் வேண்டியதாயிற்று. கவனக்குறைவு இல்லாமல் இப்படி வெடிக்காது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொண்டதால் ஜெயித்தார். எல்லோருக்கும் அந்த ஊகம் கிடைக்காது. அதே தீர்ப்பில் நீதிபதி டிரெய்னர், கவனக்குறைவை நிரூபிக்காவிட்டாலும் குறைபாடுள்ள பொருளுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று தனியாக எழுதினார். 1963-இல் அதே நீதிமன்றம் அதை ஏற்றது. அதற்குப் பிறகும் குறைபாட்டைக் காட்டுவது அடிபட்டவர் வேலைதான். காட்டுவதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டுமே!

விபத்துக் காப்பீடு வேறு கணக்கு. யார் தப்பு என்று பெரும்பாலும் கேட்காது. விபத்துதானா, காயம் எவ்வளவு என்பதைத்தான் பார்க்கும். டிஸ்சார்ஜ் தாளில் ‘தீக்காயம்’ என்று மட்டும் இருந்ததை, ‘பிரஷர் குக்கர் வெடித்ததால்’ என்று சேர்த்து எழுத வைத்த நர்ஸ் அக்காவுக்கு இங்கேயே ஒரு கும்பிடு. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று தனிச் சான்று வாங்க வேண்டும். சிகிச்சைச் செலவைக் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அதை உற்பத்தியாளரிடம் வசூலிக்கப் போவதும் உண்டு. அப்போது அவர்களும் அந்தப் பெட்டியைத்தான் கேட்பார்கள்.

கம்பெனியிலிருந்து வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். புதுக் குக்கர் இலவசம், பழையதைக் கொடுங்கள், ஆய்வு செய்து சொல்கிறோம் என்றார். கூடவே ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்று, இனி எதுவும் கேட்கமாட்டோம் என்பதற்கான ஒரு தாளையும் நீட்டினார். கையெழுத்துப் போடவில்லை, பெட்டியையும் கொடுக்கவில்லை. வந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம், ஆனால் திருகியோ வெட்டியோ சோதிப்பதானால் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட முறையில், இரு தரப்பும் பக்கத்தில் இருக்கும்போதுதான் என்று எழுத்தில் பதில் போயிருக்கிறது.

பல ஊர்களில் இருக்கும் சொந்தங்கள் வழக்குப் போட எவ்வளவு கெடு என்று கேட்டார்கள். இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருள் பொறுப்பு வழக்குக்கு 3 ஆண்டு. மற்ற இடங்களில் அங்குள்ள வக்கீலைக் கேளுங்கள், சீக்கிரம் கேளுங்கள்.

இனி வீட்டில் எது வெடித்தாலும் அடுப்பை அணைப்போம், ஆளைப் பார்ப்போம். நாலு பக்கமும் படம் எடுக்கும்வரை துடைப்பத்தை மட்டும் தொடமாட்டோம்.

ஆய்வகத்தில் பிரிக்கும் அன்றைக்குக் கூட வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள் அண்ணா. உங்களுக்கு ஒரு நாள் வேலை கெடும். அந்த நாள் கூலியையாவது மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.