விற்ற நூலுக்கு ஒரு பிரதி தாருங்கள்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிய மின்னூல்களில் ஒரு பகுதி சென்ற மாதம் என் கணக்கிலிருந்து போய்விட்டது. பதிப்பகத்தோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டதாக நீங்களே மின்னஞ்சல் அனுப்பினீர்கள், அதனால் நடந்ததை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: விற்ற நூலை எடுக்கும் முன், உங்கள் அனுமதியில்லாமலே திறக்கக்கூடிய, பூட்டில்லாத ஒரு பிரதியை வாங்கியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்த நூல்களைப் படித்தவர் என் அம்மா. பார்வை மங்கிய பிறகு அச்சுப் புத்தகம் அவருக்கு ஒத்துவரவில்லை. டேப்லெட்டில் திரைக்கு ஐந்தாறு வரிதான் கொள்ளும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார். பிடித்த வரிக்கு மஞ்சள் பூசுவார், பக்கத்தில் குறிப்பு எழுதுவார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித்தான் தட்டுவார், ஆனாலும் விடமாட்டார். இப்போது அட்டைப்படம் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது. தொட்டால் ‘இந்த உள்ளடக்கம் தற்போது கிடைக்கவில்லை’ என்கிறது. பாதியில் நின்ற நாவலும் போயிற்று, அவர் எழுதிய குறிப்புகளும் போயின. தான்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்று அவர் இரண்டு நாள் மருகினார். உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். அச்சுப் பதிப்பு கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அம்மாவின் பார்வையைப் பற்றி முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். அதைக்கூட யாரும் படிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோப்பு எங்கள் கருவியில் இருந்தாலும் அதைத் திறக்கும் சாவி உங்கள் சர்வரில் இருக்கிறது. அந்தப் பூட்டை நாங்களே உடைக்கலாமென்றால், அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதைத் தடுக்கிறது. வேறு பல நாடுகளிலும் இதே நிலைதான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம்.

2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது, குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலரும் தந்தது. அதுவே எனக்குப் போதாது, குறிப்பு திரும்பி வரவில்லையே. நீங்கள் அதையும் செய்யவில்லை. பூட்டை எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஆப்பிளின் இசைக் கடையான ஐடியூன்ஸ் 2009-லேயே தன் பாடல்களின் பூட்டை எடுத்துவிட்டது, பாடல் விற்பனை அதனால் நின்றுபோகவில்லை.

நூலோடு இது முடிவதுமில்லை. 2024-இல் யூபிசாஃப்ட் என்ற வீடியோ கேம் நிறுவனம் ஒரு கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை நிறுத்தியதும், வாங்கியவர்கள் தனியாகக்கூட அதை விளையாட முடியாமல் போயிற்று. கொடுப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே, பொருள் சொந்தமாகாது என்று விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. சரி, முன்கூட்டியே சொல்லிவிட்டால் பறிப்பது நியாயமாகிவிடுமா? நிரந்தரமாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளும்படி விற்பவர்களுக்கு அதே சட்டம் விலக்கும் தருகிறது. நான் கேட்பதும் அந்த வழியைத்தான்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இனி எந்த நூலை நீக்குவதாக இருந்தாலும் வாங்கியவருக்கு முன்னறிவிப்பும் பூட்டில்லாத பிரதியும் கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாளாகும் என்றால், அம்மாவின் குறிப்புகளையாவது முதலில் அனுப்பி வையுங்கள். அவை உங்கள் ஒப்பந்தத்தில் இல்லை, அவர் எழுதியவை.

நன்றியுடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்