முட்டை உடைத்த கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதில் பாதி குக்கர் விசிலில் போய்விட்டது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. "ஆராய்ச்சி நிறுவனம்தான், ஆனா வெறும் டெக்னிக்கல் போஸ்ட்மா." அந்த 'வெறும்' என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. முப்பத்தொரு வருஷம் அதே வெறும் போஸ்டில் இருந்தவள் நான். போனில் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ சின்னவளாக இருந்தபோது வீட்டில் ஆம்லெட் போட்டால் நான் மட்டும் சாப்பிட மாட்டேன். உன் ஆத்தா அதற்கு ஏதேதோ காரணம் சொல்வார். உண்மைக் காரணம், லேபில் வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் முட்டை உடைப்பேன். காசநோய்க் கிருமியை வளர்க்கிற லோவன்ஸ்டீன்-ஜென்சன் மீடியம் முட்டையில்தான் செய்வது. சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக உடைத்து அடித்து, துணியில் வடிகட்டி, உப்புக்கரைசலும் மாலகைட் பச்சையும் கலந்து, சின்னச் சின்னப் புட்டிகளில் ஊற்றிச் சாய்த்து வைத்து 85 டிகிரியில் உறையவிட வேண்டும். ஆறினதும் பிஸ்தா பச்சையில் அழகாக இருக்கும். அதில் நோயாளியின் சளியைப் போட்டு 37 டிகிரியில் வைத்தால், அப்புறம் காத்திருப்புதான். சாதாரணக் குடல் கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகிவிடும். இந்த மகராசிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். எட்டு வாரம் பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று எழுதலாம். வளர்ந்தால் ரஸ்க் தூளைச் சிந்தினாற்போல வெளிர் மஞ்சளாக, சொரசொரப்பாகத் தெரியும்.

ஒரு வருஷம், மைக்ராஸ்கோப்பில் கிருமி சிவப்புக் குச்சிகளாக நிறைய தெரிந்த சளியில்கூட ஐந்து வாரமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. பெரியவர்கள் இன்குபேட்டரைச் சந்தேகப்பட்டார்கள், சளி எடுத்தவரைத் திட்டினார்கள். நான் எச்37ஆர்வி புட்டியைப் பார்த்தேன். 1905இல் ஒரு நோயாளியிடம் எடுத்து இன்றுவரை உலகம் முழுக்க வளர்த்துவருகிற காசநோய்க் கிருமி வகை அது; ஒப்பிடுவதற்காக ஒவ்வொரு தொகுதியிலும் போடுவோம். அதுவும் முளைக்கவில்லை. அப்படியானால் சளியில் கோளாறு இல்லையே? முட்டைக்காரரிடம் போய் விசாரித்தேன். பழைய பண்ணையை விட்டுவிட்டுப் புதுப் பண்ணையில் வாங்கிக்கொண்டிருந்தார், அங்கே கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்திருந்தார்கள். அது முட்டைக்குள் வந்து கிருமியைத் தடுத்துவிட்டது. மொத்தத் தொகுதியையும் கொட்டினோம். பின்னால் கட்டுரை வந்தபோது என் பெயர் இல்லை, 'தொழில்நுட்ப உதவிக்கு நன்றி' என்று கடைசியில் ஒரு வரி. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த மாதிரி இடத்தில் சயின்டிஸ்ட் மட்டும்தான் ஆள் என்று நினைக்காதே. சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினார்களே (நான் வேலை பார்த்தது அங்கே இல்லை), அந்தக் காலத்தில் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கிற ஆஸ்பத்திரியில், மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால்தான் நோய் தீரும் என்று எல்லோரும் நம்பினார்கள். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டுக்காரர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959இல் அது வெளியான பிறகு சானடோரியக் காலமே மெல்ல முடிவுக்கு வந்தது. இதை நம்பலாம் என்று சொல்லவைத்தது யார்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் போய் நின்று, மிச்சம் இருக்கிற மாத்திரையை எண்ணி, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் வாங்கி வந்தவர்கள்தான். கூடவே லேபில் என்னை மாதிரி ஒருத்தி.

இப்போது இன்னும் எத்தனையோ வேலை இருக்கிறது. புள்ளியியல், டேட்டா, விலங்குக் கூடம், நெறிமுறைக் குழு அலுவலகம், மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பு. உனக்குத் தமிழ் நன்றாக வரும், அதை யாரும் தகுதியாக எழுதிக் கேட்கமாட்டார்கள். ஆனால் சம்மதப் படிவத்தை ஒரு பாட்டிக்கு விளங்கவைக்க ஆள் கிடைக்காமல் நாங்கள் திண்டாடியிருக்கிறோம். 'சமவாய்ப்பு ஒதுக்கீடு' என்று அச்சடித்திருக்கும், பாட்டி முழிப்பார். "சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி, எந்த மருந்து வரும்னு டாக்டருக்கே தெரியாது" என்றால், "அப்போ வேணாம்னு சொல்லலாமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்தால்தான் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். சொல்லலாம் என்று தைரியமாகச் சொல்கிறவள் வேண்டும் அங்கே.

சரி, இது ஒப்பந்த வேலை, நிரந்தரம் இல்லை. இதில் உன் பயம் நியாயம்தான். ஆர்டரைப் புதுப்பித்துப் புதுப்பித்தே பத்து வருஷம் ஓட்டிவிட்டு, திட்டம் முடிந்ததும் வெறுங்கையோடு போனவர்களை எனக்குத் தெரியும். அதனால் இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்காராதே. இருக்கிற வரை நெட் தேர்வை விடாதே. அதில் ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000, வாடகைப்படி தனி, பிஎச்டிக்கும் வழி. சேரும்முன் கைடிடம் நேராகக் கேள்: நான் செய்த வேலை கட்டுரையில் வந்தால் என் பெயர் போடுவீர்களா? கூச்சப்படாதே. நான் கேட்கவில்லை.

மெடிக்கல் கோடிங்கில் சம்பளம் சீக்கிரம் ஏறும் என்று உன் தோழி சொன்னது பொய் இல்லை. அப்பாவுக்கும் அதில்தான் மனசு. கேட்டால் "உன் இஷ்டம்" என்பார், மூஞ்சியைப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் இரண்டு பக்கமும் பேசமாட்டேன், ஆராய்ச்சி நிறுவனத்துக்கே போ என்றுதான் சொல்வேன்.

ஒன்று மட்டும். லேபுக்குள் எத்தனை அவசரமானாலும் என்95 மாஸ்க் போடாமல் நுழையாதே. நீ குழந்தையாக இருந்தபோது, வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் உன்னைத் தூக்குவேன், நீ கதவுக்கு அந்தப்பக்கம் நின்று அழுவாய்.

ஆர்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கடைசிப் பக்கமும் சேர்த்து. நிபந்தனையெல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணாடி மாற்றிவிட்டேன், படிக்க முடியும்.

உன் அம்மா